பந்து தவறாத மைதானம்

கோச் அருமைநாயகத்தைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்த மூன்றாம் நாளிலிருந்து, எங்கள் வெள்ளூரணி மில் கூடைப்பந்து மைதானத்தில் எறியப்பட்ட எந்தப் பந்தும் வளையத்துக்கு வெளியே விழவில்லை.

முதலில் அதைக் கண்டவர் லைன்மேன் செண்பகராஜ். மைதானத்து மூலைக் கம்பத்தில் வேலையை முடித்து இறங்கியவர், தலையில் ஹெல்மெட்டும் இடுப்பில் கயிறுமாக, காலடியில் கிடந்த பழைய பந்தை எடுத்து, வளையம் எந்தப் பக்கம் என்றுகூடச் சரியாகப் பார்க்காமல் வீசினார். அது வெகு உயரத்துக்குப் போய், கொஞ்சம் யோசித்ததுபோல் நின்று, வலைக்குள் இறங்கியது. மறுபடி வீசினார், இறங்கியது. இடது கையால் வீசினார், முதுகைக் காட்டி வீசினார், கண்ணை மூடிக்கொண்டு வீசினார், எல்லாம் இறங்கின. அவர் பந்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு டீக்கடைக்குப் போய், "ஸார் போயும் நிறுத்தல போலுக்கே" என்று மட்டும் சொல்லி, சர்க்கரை கம்மியாக ஒரு டீ கேட்டார்.

அன்று பொழுது சாய்வதற்குள் ஊரில் பாதிப் பேர் எறிந்துவிட்டார்கள். மீன் விற்கும் சூசையம்மாள் தலைச்சுமையை இறக்காமலே ஒரு கையால் எறிந்தாள், விழுந்தது. கண் ஆபரேஷன் முடிந்து பச்சைத் துணி கட்டியிருந்த ரிட்டயர்டு தாசில்தாரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து எறியவைத்தார்கள், விழுந்தது. பாஸ்டர், "மூன்றாம் நாளா? சரியா மூன்றாம் நாள்தானா?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டு, இதைப் பற்றிப் பிரசங்கத்தில் வாயைத் திறப்பதில்லை என்று முடிவுசெய்தார். அம்மன் கோயில் பூசாரியோ, "அது நம்ம டிபார்ட்மென்ட் இல்ல" என்று ஒதுங்கிக்கொண்டார். பாலிடெக்னிக் லெக்சரர் ஒருவர் தூக்குக்குண்டும் அளவு நாடாவும் கொண்டுவந்து, வளையத்தின் உயரத்தையும் விட்டத்தையும் பலகையின் சாய்வையும் நான்கு நாள் அளந்து, நாற்பது பக்கம் எழுதி, எல்லாம் முறைப்படியே இருக்கிறது என்று கண்டு, கடைசியில் தானும் ஒன்று எறிந்து, அது விழுந்ததும் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, மறுநாள் மனைவி மக்களோடு வந்து எறிந்துவிட்டுப் போனார்.

அதற்குப்பிறகு அது எங்களுக்குப் பழகிவிட்டது. தாலி கட்டி முடித்த கையோடு பொண்ணும் மாப்பிள்ளையும் மாலை கசங்க மைதானத்துக்கு வந்து ஆளுக்கு ஒன்று எறிந்துவிட்டுத்தான் பந்திக்குப் போனார்கள். பரீட்சைக்குப் போகிறவர்களும், கோர்ட்டுக்குப் போகிறவர்களும், ஸ்கேன் எடுக்கப் போகிறவர்களும் வழியில் இறங்கி ஒன்று எறிந்தார்கள். பந்து விழுந்ததால் பரீட்சையில் தேறியவர் யாருமில்லை, கேஸ் ஜெயித்தவரும் இல்லை, அது வேறு எதையும் தராது, பந்து விழும், அவ்வளவுதான் என்பது ஆறு மாதத்தில் எல்லோருக்கும் தெரிந்துபோனது. தெரிந்த பிறகும் வந்தார்கள். அன்றைய பொழுதில் ஒரு காரியமாவது நினைத்தபடி முடிந்தது என்று வீட்டுக்குப் போய்ச் சொல்லலாமே.

இது ஸாருடைய வேலைதான் என்பதில் எங்களுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. ஸார் அப்படிப்பட்டவர்.

அவர் நாகர்கோவிலிலிருந்து எங்கள் ஊருக்கு வந்தபோது அவருக்கு முப்பத்தாறு வயது, எங்கள் மில் ஓகோ என்று ஓடிய காலம், பந்து ஆடுவதற்கென்றே சம்பளம் கொடுத்து மில் ஒரு டீம் வைத்திருந்தது. அப்போதெல்லாம் எந்த டீமும் பந்தை மெல்லத் தட்டிக்கொண்டு போய், நாலு பேர் கை மாற்றி, இடம் பார்த்து, ஆள் பார்த்து, அப்புறம்தான் எறியும். ஸார் வந்த முதல் நாளே ஊதலைக் கழற்றி ஆணியில் மாட்டினார். எண்ண ஆரம்பித்தார். "ஒண்ணு… ரெண்டு… மூணு…" ஏழு சொல்வதற்குள் பந்து கையைவிட்டுப் போயிருக்க வேண்டும், யார் எறிந்தாலும் சரி, எங்கேயிருந்து எறிந்தாலும் சரி. நம் கூடைக்குக் கீழே நின்று எதிராளியைத் தடுப்பது என்ற பேச்சே அவரிடம் கிடையாது. "நம்ம கூடைக்குக் கீழ நமக்கு என்னலே சோலி?" என்பார். "அவன் நூறு போட்டா போடட்டும், நாம நூத்திரெண்டு போடுவோம். தடுக்கது பயந்தவன் சோலி."

ஊர் மொத்தமும் அவரோடு சேர்ந்து எண்ணியது. மில்லில் அறுந்த நூலை முடியும் பெண்கள் ஏழுக்குள் முடிச்சுப் போட்டார்கள், பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறவர்கள் ஏழுக்குள் விழுங்கச் சொன்னார்கள். எங்கள் டீம் நூற்று நாற்பது போட்டுவிட்டு நூற்று நாற்பத்திரண்டுக்குத் தோற்று வரும், நாங்கள் ரயிலடிக்கே போய் மாலை போட்டுக் கூட்டிவருவோம். அப்படி ஒரு ஆட்டத்தை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. இப்போது எல்லா ஊரிலும் எல்லா டீமும் அப்படித்தான் ஆடுகிறது, அதை முதலில் ஆடிக் காட்டியவர் பெயர் அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. மூன்று தடவை இறுதி ஆட்டம் வரைக்கும் போனோம், ஒன்றிலும் கோப்பை கிடைக்கவில்லை.

அந்த டீமில் பால்வண்ணன் என்று ஒருவர் இருந்தார். இந்தக் கதை அவரைப் பற்றியது.

பால்வண்ணன் அண்ணாச்சி ஆறரை அடி. கையைத் தொங்கவிட்டால் முழங்காலைத் தொடும். இருபது வயதில் டீமில் சேர்ந்தபோதே, அவர் முன்னால் நின்றால் எதிராளிக்கு வளையம் இருக்கும் திசையே மறந்துபோகும் என்று சொல்வார்கள். எறிவதில் அவருக்கு ஆசையே கிடையாது. பந்து வளையத்தில் பட்டுத் தெறிக்கும் பாருங்கள், அந்த ஒரு நொடிக்காகத்தான் அவர் மைதானத்துக்கு வந்தார், எத்தனை கைகள் நீண்டாலும் அந்தப் பந்து அவர் கைக்குத்தான் வரும். இப்படிப்பட்ட மனுஷனை ஸார் ஒன்பது வருடம் பெஞ்சில் உட்காரவைத்தார். தினமும் பயிற்சியில் மட்டும் நடுவில் நிறுத்தி, மற்றவர்களை அவரைத் தாண்டி எறியச் சொல்வார். "பால்வண்ணனைத் தாண்டிட்டா உலகத்துல எவனையும் தாண்டலாம்" என்பார். ஆட்டத்தன்று அவருக்குத் துண்டு மடித்துக் கொடுக்கும் வேலை.

மூன்றாவது இறுதி ஆட்டத்தில் பன்னிரண்டு வினாடி பாக்கி, நாங்கள் ஒரு புள்ளி முன்னால், பந்து எதிராளி கையில். ஒரே ஒரு தடவை தடுத்தால் போதும், கோப்பை எங்களுக்கு. டீமின் முக்கிய ஆட்டக்காரர் ரத்தினசாமி, "ஸார், பால்வண்ணனை இறக்குங்க" என்று கத்தினார். கேலரியில் நாங்களும் கத்தினோம். பால்வண்ணன் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றுவிட்டார். ஸார் அவரைத் திரும்பியே பார்க்காமல், "உக்காரு. அவன் போடட்டும், நாம திருப்பிப் போடுவோம்" என்றார். அவன் போட்டான். நாங்கள் திருப்பி எறிந்தது வளையத்தில் பட்டு வெளியே போனது.

அடுத்த வருடம் மில்லை மூடினார்கள். ஆட்டக்காரர்கள் ரயில்வேக்கும் பேங்குக்கும் கஸ்டம்ஸுக்கும் போய்விட்டார்கள். ஸாருக்கு நாகர்கோவிலில் மனைவி இருந்தார், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை, பெயர் புஷ்பம், பிள்ளைகள் கிடையாது. "அடுத்த மாசம் போயிருவேன்" என்று சொல்லிக்கொண்டே ஸார் மைதானத்துக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் இருபத்து நான்கு வருடம் இருந்தார். பால்வண்ணன் மூடிய மில்லுக்கு வாட்ச்மேன் ஆனார். அவருக்குப் பெண் பார்த்த இரண்டு இடத்திலும் "டீம்ல என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார்கள், இரண்டு இடத்திலும் "உக்காந்திருந்தேன்" என்று உள்ளதைச் சொன்னார், அப்புறம் யாரும் அவருக்குப் பெண் பார்க்கவில்லை. தினமும் சாயங்காலம் ஸாரும் அவரும் மைதானத்து ஓரத்து சிமென்ட் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஸார் படுக்கையில் விழுந்த பிறகு கஞ்சி கொடுத்ததும் உடம்பு துடைத்ததும் அண்ணாச்சிதான். அத்தனை வருடத்தில் அந்தப் பன்னிரண்டு வினாடியைப் பற்றி ஸார் ஒரு வார்த்தை சொல்லவில்லை, இவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஸார் போன பிறகு, பந்தெல்லாம் விழத் தொடங்கிய பிறகு, ஊர் முழுக்க எறிந்துகொண்டிருந்தபோது பால்வண்ணன் மைதானத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, நீங்க ஒண்ணு போடலையா?" என்று கேட்டால், "போட்டா விழும். அதுல என்ன இருக்கு" என்பார்.

அவர் சொன்னது எங்களுக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது.

வெளியூர் டீம்கள் ஆசையாக வந்து ஆடிப் பார்த்தன. இவர்கள் போட்டால் விழும், அவர்கள் போட்டால் விழும், இருநூற்றுப் பன்னிரண்டுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு, பந்தில் காற்றுப் போனதால் ஆட்டம் முடிந்தது. அடுத்த டீம் முந்நூறில் களைத்துப் படுத்துவிட்டது. இந்த மைதானத்தில் ஆடும் ஆட்டத்தைக் கணக்கில் எடுக்க முடியாது என்று கூடைப்பந்துச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. பார்க்க வந்தவர்கள் முதலில் கை தட்டினார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு கடலை தின்றார்கள், பிறகு வரவில்லை. எறிந்தால் விழும் என்று தெரிந்த பந்துக்காக யார் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்? இரண்டாம் வருட முடிவில் கல்யாண ஜோடிகள்கூட, வெயிலாக இருக்கிறது என்று, நேரே பந்திக்குப் போனார்கள். தரையின் விரிசலில் நெருஞ்சி முளைத்தது. அண்ணாச்சி மட்டும் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை கூட்டினார். அதன்பிறகு அந்த சிமென்ட் பெஞ்சில், ஸார் உட்காரும் பாதியை விட்டுவிட்டுத் தன் பாதியில் உட்கார்ந்திருப்பார்.

மூன்றாம் வருட நினைவு நாளுக்குப் பழைய ஆட்டக்காரர்கள் வந்தார்கள். ரத்தினசாமி மதுரையிலிருந்து வந்தார், தொப்பை போட்டிருந்தார். ஷாமியானா போட்டு, ஸார் படத்துக்கு மாலை போட்டு, அடக்கத்தன்று வந்து அதே பஸ்ஸில் திரும்பிப் போன புஷ்பம் அம்மாவையும் வரவழைத்து முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தோம். அறுபத்தெட்டு வயது, ஒடிசலான உடம்பு, மடியில் ஒரு கைப்பை. முதல் பந்தை நீங்கதான் எறியணும் என்று கேட்டோம். "எனக்கு இதெல்லாம் வராதுங்க. நான் ஒரு மேட்ச்கூடப் பாத்ததில்ல" என்று மறுத்துவிட்டார்.

வயதானவர்கள் என்பதால் அரை மைதானத்தில் மூன்று பேருக்கு மூன்று பேர். பழையவர்கள் ஒரு பக்கம், கல்லூரிப் பையன்கள் மறுபக்கம். எல்லாம் விழுந்தது, எல்லோரும் சந்தோஷமாகக் கை தட்டினார்கள். பத்தாவது நிமிஷத்தில் ரத்தினசாமிக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நொண்டிக்கொண்டே பெஞ்சுக்கு வந்தவர், துண்டு நீட்டிய பால்வண்ணனிடம் துண்டை வாங்காமல், "நீ இறங்கு" என்றார்.

அண்ணாச்சி செருப்பைக் கழற்றி பெஞ்சுக்கு அடியில் ஜோடியாக வைத்துவிட்டு இறங்கினார். ஐம்பத்தேழு வயது, வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார்.

பந்து கையைவிட்டுப் போனால் விழுந்தே தீரும் அந்த மைதானத்தில் செய்வதற்கு மிச்சமிருந்தது ஒன்றுதான், அது கையைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வது, அதை உலகத்தில் அவரைப்போல் அறிந்தவர் வேறு யாருமில்லை. அவர் ஓடவில்லை. பையன் எந்தக் காலை எடுத்துவைக்கப் போகிறானோ அந்த இடத்தில் ஏற்கெனவே நின்றார். எறியத் தூக்கிய பந்தின் மேல் உள்ளங்கையை வைத்து அங்கேயே இருக்கச் செய்தார், கை மாற்றிய பந்தை நடுவழியில் வாங்கினார். ஒன்பது நிமிஷத்தில் பையன்களால் இரண்டே தடவைதான் எறிய முடிந்தது. அப்படி ஒரு ஆட்டத்தை எங்கள் ஊர் பார்த்ததே இல்லை. நாங்கள் கை தட்டவில்லை. எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைசியில் கூட்டத்திலிருந்து யாரோ, "அண்ணாச்சி, கொஞ்சம் விடுங்க. ஸார் நினைவு நாளுல்லா?" என்றார்கள். சிலர் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

அண்ணாச்சி அப்படியே நின்றார். பந்தைப் பையன் கையில் கொடுத்தார். வந்து செருப்பை மாட்டிக்கொண்டார். அவன் எறிந்தான், விழுந்தது, நாங்கள் கை தட்டினோம். இதை எழுதும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது, கை தட்டியவர்களில் நானும் ஒருவன்.

எல்லோரும் பிரியாணிக்குப் போன பிறகு நடந்ததை அண்ணாச்சி வெகுநாள் கழித்து எங்களிடம் சொன்னார். அவர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு நாற்காலி மட்டும் காலியாகாமல் இருந்தது.

"நீங்கதான பால்வண்ணன்?" என்று புஷ்பம் அம்மா கேட்டார்.

"ஆமாம்மா. சாப்பிடப் போகலையா?"

"பசியில்ல தம்பி. டீம்ல மத்தவங்க யார் பேரும் எனக்குத் தெரியாது. அவர் நம்பர் சொல்லித்தான் பேசுவார், ஏழாம் நம்பர், பத்தாம் நம்பர்னு. உங்களை மட்டும் பேர் சொல்லுவார்."

அண்ணாச்சி அடுக்கிய நாற்காலியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"முப்பத்தொரு வருஷம் எக்ஸ்சேஞ்சில இருந்தேன். ஊர்ல யார் யாருக்கோ லைன் போட்டுக் குடுத்தேன். எனக்குன்னு வர்றது மாசத்துக்கு ஒரு டிரங்க் கால், மூணு நிமிஷம். அந்த ஃபைனல் அன்னைக்குச் சாயங்காலம் கூப்பிட்டார். ஜெயிச்சாச்சான்னு கேட்டேன். இல்ல, பால்வண்ணனை இறக்கியிருந்தா ஜெயிச்சிருப்பேன்னு சொன்னார்."

"அப்படியா சொன்னாக?"

"அப்படித்தான் சொன்னார். பெறகு ஏன் இறக்கலன்னு கேட்டேன். 'இறக்கி ஜெயிச்சிருந்தா, இத்தன வருஷமா நான் சொன்னதெல்லாம் என்னத்துக்கு, புஷ்பம்?'னார். அதுக்குள்ள மூணு நிமிஷம் ஆயிட்டு. லைன் கட்டாயிட்டு."

அண்ணாச்சி இன்னொரு நாற்காலியை எடுத்து அடுக்கினார். பிறகு, "இருபத்து நாலு வருஷம் பக்கத்துல உக்காந்திருந்தேம்மா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார்.

"சொல்லியிருக்கலாம்" என்றார் புஷ்பம் அம்மா. "ஒரு மாசம் வீட்டுக்கும் வந்திருக்கலாம்."

அவர் எழுந்து, கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு, கிடந்த பந்தை எடுத்தார். அதன் கனத்தை அதுவரை அவர் அறிந்ததில்லை. "யார் போட்டாலும் விழுமாமே" என்று சொல்லிக்கொண்டு இரண்டு கையாலும் வயிற்றிலிருந்து தூக்கி எறிந்தார்.

அப்போது நாங்கள் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். மைதானத்துப் பக்கமிருந்து 'டங்' என்று ஒரு சத்தம் வந்தது. இரும்பில் பந்து மோதும் சத்தம், மூன்று வருடமாக ஊரில் இல்லாத சத்தம். வாயருகே போன கை வாயருகே நின்றது. இரண்டாவது 'டங்' கேட்டதும் எல்லோரும் எழுந்துவிட்டோம்.

போய்ப் பார்த்தபோது அந்த அம்மா எறிந்துகொண்டிருந்தார். பந்து வளையத்தின் முன்விளிம்பில் மோதித் தெறித்தது. அது தரையைத் தொடுவதற்குள் பால்வண்ணன் அண்ணாச்சி எம்பிப் பிடித்து, இரண்டு கையிலும் வைத்து அவரிடம் கொடுத்தார். மறுபடி எறிந்தார், மறுபடி தெறித்தது, மறுபடி அண்ணாச்சி எம்பினார். மூட்டுவலிக்காரர் எம்புகிற எம்பா அது.

"பாத்தீங்களா தம்பி," என்றார் அம்மா, மூச்சு வாங்க. "ஊருக்கெல்லாம் வந்து போட்டுக் குடுக்கார். எனக்கு மட்டும் வரமாட்டேங்கார்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அழுதாரா என்று எங்களுக்குத் தெரியாது, நாங்கள் தள்ளி நின்றோம்.

பதினோரு தடவை எறிந்தார், ஒன்றும் விழவில்லை. சந்தேகத்துக்கு செண்பகராஜ் அதே பந்தை வாங்கி எறிந்தார், விழுந்தது. பாஸ்டர் எறிந்தார், விழுந்தது. அம்மா எறிந்தார், தெறித்தது. ஆறு இருபது பஸ்ஸுக்குப் போகும்போது, "அடுத்த மாசம் வந்து பாக்கட்டுமா?" என்று கேட்டார். ஊர்க்காரர்கள் நாங்கள் அத்தனை பேர் நின்றிருந்தோம், அவர் கேட்டது பால்வண்ணன் அண்ணாச்சியிடம்.

"வாங்கம்மா" என்றார் அண்ணாச்சி.

அதன்பிறகு ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, அந்த அம்மா நாகர்கோவிலில் ஆராதனை முடித்துவிட்டு மதிய பஸ்ஸில் வந்து இறங்குவார். நெருஞ்சியைப் பிடுங்கிவிட்டுத் தரையைக் கழுவி வைத்திருப்பார் அண்ணாச்சி. ஊரும் வரத் தொடங்கியது. முதலில் வேடிக்கைக்கு வந்தோம், பிறகு நாற்காலி போட்டு மோர் கரைத்து உட்கார்ந்தோம், பிறகு பக்கத்து ஊர்களிலிருந்தும் வேன் வைத்து வந்தார்கள். அந்த அம்மா பந்தைத் தூக்கும்போது ஐந்நூறு பேர் ஒன்றாக மூச்சைப் பிடித்துக்கொள்வோம், தெறித்ததும் ஒன்றாக விடுவோம். ஸாருடைய காலத்துக்குப் பிறகு எங்கள் நெஞ்சுகள் அந்த வேலையைச் செய்ததே இல்லை. மாதத்தின் மற்ற நாட்களில் மைதானம் காலியாகத்தான் கிடந்தது. அந்த நாட்களில் அண்ணாச்சி யாரோடும் பேசமாட்டார், காலண்டரில் ஞாயிறுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று வாட்ச்மேன் ஷெட் பக்கம் போனவர்கள் சொன்னார்கள்.

ஆனால் எறிய எறிய அந்த அம்மாவின் கை தேறிவிட்டது. முதல் மாதம் வயிற்றிலிருந்து தள்ளியவர் நான்காம் மாதம் தோளிலிருந்து எறிந்தார், முழங்காலை மடக்கி நிமிரக் கற்றுக்கொண்டார். பந்து வளையத்தின் விளிம்பில் உட்கார்ந்து யோசித்துவிட்டு வெளியே விழத் தொடங்கியது. யாரும் உதவாமல், ஸாரும் வராமல், அந்தக் கை மட்டுமே போட்டுவிடும் நாள் பக்கத்தில் வந்துவிட்டது என்று எங்களுக்குத் தெரிந்தது. அண்ணாச்சிக்கும் தெரிந்திருக்கும்.

அது கார்த்திகை மாதம், லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. ஏழாவது ஞாயிறு. அம்மா எறிந்த பந்து உயரமாக, சுழலாமல், நேராகப் போனது. வளையத்தின் மேல் இறங்கி ஒரு சுற்றுச் சுற்றியது. நாங்கள் எழுந்துவிட்டோம். இரண்டாவது சுற்றில் வேகம் குறைந்து, உள்பக்கமாகச் சாய்ந்தது. பாதி உள்ளே போய்விட்டது என்றே சொல்வேன்.

பால்வண்ணன் அண்ணாச்சி ஓடிவந்து எம்பினார். அந்த வயதில், அந்த மூட்டோடு, ஈரத் தரையிலிருந்து எம்பி, அந்த நீளமான கையால் பந்தை வளையத்திலிருந்து தட்டிவிட்டார். அது மின்கம்பத்தடிக்கு உருண்டு போனது. அவர் இறங்கிய வேகத்தில் நிலைகொள்ளாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி இது! உள்ள போற பந்த!" என்று கூட்டம் கத்தியது. "அது ரூல்படி கூடைதான்! அம்மாவுக்கு ரெண்டு பாயின்ட்!" என்றார் விவரம் தெரிந்த ஒருவர். யாரோ வசைகூடப் பாடினார்கள். அண்ணாச்சி முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், யாரையும் பார்க்கவில்லை.

புஷ்பம் அம்மா மெல்ல நடந்து அவர் பக்கத்தில் வந்து நின்றார். கூட்டம் அடங்கியது.

"விழுந்திருக்கும் தம்பி."

"ஆமாம்மா. விழுந்திருக்கும்."

"பெறகு ஏன் தட்டினீங்க?"

அண்ணாச்சி, முன்வரிசையில் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்கிற குரலில், "விழுந்துட்டுன்னா… அடுத்த மாசம் பஸ்ஸுல…" என்றார்.

அந்த அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். தூறல் அவர் வெள்ளைத் தலையில் பொடிப்பொடியாக நின்றது. பிறகு மின்கம்பத்தடிக்குப் போய்ப் பந்தை எடுத்து வந்து அவரிடம் நீட்டினார்.

"ஈரமாயிட்டு. தொடச்சுக் குடுங்க."

அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டால், உட்கார்ந்தபடியே, பந்தைச் சுற்றிச்சுற்றித் துடைத்துக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு புஷ்பம் அம்மா எப்போதும் நிற்கும் இடத்துக்குப் போனார். அங்கே கொஞ்சம் நின்றார். பிறகு, வளையத்தைப் பார்த்தபடியே, இன்னும் நாலு எட்டு பின்னால் போய் நின்றுகொண்டார்.